நார்க் கஞ்சாவில் இரசாயனக் குணம் வித்துவழி வரும் முறை

நாருக்காகவும் விதைக்காகவும் கஞ்சாச் செடியைப் பயிரிட உரிமை வழங்கியுள்ள நாடுகள் பலவற்றில், அறுவடைக்குச் சில நாட்கள் முன்னர் அரசாங்க அலுவலர் ஒருவர் வயலுக்கு வருவார். செடிகளின் பூ நுனிகளைக் கிள்ளிப் பையிலிட்டு, முத்திரை வைத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார். அந்நுனிகளின் உலர்ந்த எடையில் டி.எச்.சி. என்னும் போதைப் பொருள் சட்டம் குறித்த எல்லைக்கு மேற்பட்டிருந்தால், அது நார்ப் பயிராகக் கொள்ளப்படாது. பெரும்பாலான இடங்களில் அந்த எல்லை 0.3 சதவீதம். அதைத் தாண்டிய விளைச்சலை அழிக்குமாறு உத்தரவு பிறக்கும். உழவுக் கூலியும் விதை விலையும் நான்கு மாத உழைப்பும் ஒரே நாளில் போய்விடும்.

பயிரிட்டவர் செய்த பிழை யாது? உரம் மிகுந்ததா, மழை பொய்த்ததா, அறுவடை தாமதித்ததா என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். இவற்றுக்கும் சிறு பங்கு உண்டு. ஆயினும் அந்தச் செடி எவ்வகைச் சரக்கைச் சுரக்கும் என்பது அவர் கலப்பையைத் தொடுமுன்னரே விதை மூட்டையில் தீர்மானமாகி வந்திருக்கிறது. அது எவ்வாறு தீர்மானமாகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்பயிரை இடுமாறு அங்கத்தினர்களைத் தூண்டுவது நமது நோக்கமன்று. நம் மாநிலத்தில் அதற்கு உரிமை இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடைச் சட்டம், நார், விதை ஆகியவற்றுக்கென்றும் தோட்டக்கலைக்கென்றும் அரசாங்கம் தனி உத்தரவினால் அனுமதி தரலாம் என்று மட்டும் இடம் விட்டிருக்கிறது. அந்த வழியில் 2018ஆம் ஆண்டில் உத்தராகண்டு மாநிலம் முதலாவதாக உரிமம் வழங்கியது. மற்ற மாநிலங்கள் சிலவும் அவ்வழியில் ஆலோசித்து வருகின்றன. நெசவாளர்களோ, ஐரோப்பாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் கஞ்சா நார் நூலை ஏற்கெனவே கையாளத் தொடங்கிவிட்டனர். ஆகவே இச்செடியின் இயல்பை அறிந்திருப்பது பயனுடையதே.

முதலில் பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ என்ற சொல்லைப் பல நார்களுக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை ‘சன் ஹெம்ப்’ என்பர்; அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘மணிலா ஹெம்ப்’ வாழையினத்து நார். புளிச்சை நாருக்கும் ‘தக்காண ஹெம்ப்’ என்ற பெயர் உண்டு. அது செம்பருத்திக்கு உறவு. சாக்குக்குரிய சணலோ வேறொரு செடி. இவற்றில் எதிலும் போதைப் பொருள் இல்லை. நாம் இங்கே பேசுவது லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்ட உண்மையான கஞ்சாச் செடியைப் பற்றியே. நாருக்குரிய வகைகளை நார்க் கஞ்சா என்று அழைப்போம். ‘சணல் சட்டை’ என்று கடைகளில் விற்கும் ஆடை இந்த நாரால் ஆனதா, வேறு நாரால் ஆனதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. ஆண் செடி பூத்து மகரந்தத்தை உதிர்த்தபின் வாடிவிடும். பெண் செடி விதை முற்றும் வரை நிற்கும். பட்டை நார் இரண்டிலும் உண்டு. போதைப் பிசின் முக்கியமாகப் பெண் பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேலுள்ள சுரப்பி மயிர்களில் ஊறுகிறது. நாரில் அது கிடையாது என்றே சொல்லலாம். ஆகையால் நெய்த துணியைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

மகரந்தம் படாத பெண் பூக்களில் பிசின் மிகும் என்பதைப் போதைக்காகப் பயிரிட்டவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வங்காளத்தில் ராஜஷாகி மாவட்டத்து நவகாவ் பகுதியில், பூக்குமுன் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே தனித் தேர்ச்சியுள்ளவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். ஆங்கில அறிக்கைகள் அவர்களைக் ‘கஞ்சா வைத்தியர்’ என்று குறிக்கின்றன. அதே நவகாவில் 1917ஆம் ஆண்டில் கஞ்சாப் பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவாகி, அங்கத்தினர்களின் விளைவை அரசாங்க உரிமத்தின்கீழ் விற்றுத் தந்தது என்பது கூட்டுறவு வரலாற்றில் பலரும் அறியாத செய்தி. இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1980-களில் அப்பயிர் நிறுத்தப்பட்டது.

இனி இரசாயனத்துக்கு வருவோம். இச்செடியின் பிசினில் உள்ள சிறப்புப் பொருள்களுக்குக் கன்னபினாய்டுகள் என்று பெயர். அவற்றுள் இரண்டு பெரியவை. ஒன்று டி.எச்.சி.; போதை தருவது. மற்றொன்று சி.பி.டி.; போதை தராதது. சி.பி.டி.யை அமெரிக்க இரசாயனி ரோஜர் ஆடம்ஸ் 1940ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். டி.எச்.சி.யைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பைக் காட்டியவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த காவோனியும் மெஷூலமும், ஆண்டு 1964. செடியில் இவை அமில உருவில்தான் இருக்கும். சூடுபடும்போது அமிலப் பகுதி கரியமில வாயுவாய் நீங்கி, எஞ்சியது டி.எச்.சி.யாகவும் சி.பி.டி.யாகவும் நிற்கும். அமில உருவில் 100 கிராம் இருந்தால் நீங்கியபின் 87.7 கிராம் நிற்கும். சோதனைச் சாலைக் கணக்கில் 0.877 என்ற எண் வருவது இதனாலேயே.

இவ்விரண்டு பொருள்களும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிறப்பவை என்பதே நமக்கு முக்கியம். அம்மூலப்பொருளுக்கு சி.பி.ஜி. அமிலம் என்று பெயர். நெசவாளர் வீட்டு உவமை இதற்குச் சாலப் பொருந்தும். சங்கத்தின் கிடங்கிலிருந்து ஒரே எண் நூல் சிட்டம் சிட்டமாக ஒரு வீட்டுக்கு வருகிறது. அவ்வீட்டில் இரண்டு தறிகள். ஒன்று தந்தை வழி வந்தது, மற்றொன்று தாய் வழி வந்தது. வேட்டித் தறியாயின் வந்த நூல் வேட்டியாகும்; துண்டுத் தறியாயின் துண்டாகும். நூல்தான் சி.பி.ஜி.; தறிதான் நொதி; தறியின் அமைப்பை நிர்ணயிப்பது மரபணு. ஒரு தறி நூலை டி.எச்.சி.யாக நெய்கிறது, மற்றொன்று சி.பி.டி.யாக நெய்கிறது. முன்னதை ‘டி’ தறி என்றும் பின்னதை ‘சி’ தறி என்றும் குறிப்போம்.

இரண்டு தறியும் ‘டி’யாக அமைந்த செடியில் ஏறக்குறைய எல்லாம் போதைப் பொருளே. இரண்டும் ‘சி’யாக அமைந்தால் ஏறக்குறைய எல்லாம் சி.பி.டி. ஒன்று ‘டி’, மற்றது ‘சி’ என்றால் வந்த நூலை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். இரு பொருளும் ஒப்பிடத்தக்க அளவில் கலந்திருக்கும். மெண்டல் பட்டாணியில் கண்டதுபோல் உயரம் குட்டையை மறைக்கும் கதை இங்கே இல்லை. இரண்டு குணமும் சம உரிமையோடு வெளிப்படுகின்றன.

இது ஊகமன்று, கலப்புச் சோதனையால் நிறுவப்பட்ட உண்மை. கானடாவின் தலைநகரான ஒட்டாவாவில் எர்னஸ்ட் ஸ்மாலும் பெக்ஸ்டெட்டும் பல நாடுகளிலிருந்து பெற்ற 350 வித்துத் தொகுதிகளைப் பயிரிட்டுப் பரிசோதித்து, 1973ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். டி.எச்.சி. மிகுந்தவை, சி.பி.டி. மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என்று செடிகள் பிரிந்து நின்றன. ஒரே நிலத்தில், ஒரே தட்பவெப்பத்தில் வளர்ந்தும் இவ்வாறு பிரிந்ததால், வேறுபாடு மண்ணில் இல்லை, வித்தில் உள்ளது என்பது வெளியாயிற்று. அதற்குமுன், வெப்ப நாட்டில் விளைந்தால் போதை, குளிர் நாட்டில் விளைந்தால் நார் என்று பலர் நம்பியிருந்தனர்.

வித்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு விடை 2003ஆம் ஆண்டில் கிடைத்தது. ஹாலந்து தேசத்து எட்டியன் தே மெய்யரும் இத்தாலிய ஆராய்ச்சியாளர்களும் கூடிச் செய்த சோதனை அது. தூய சி.பி.டி. செடிகளையும் தூய டி.எச்.சி. செடிகளையும் நான்கு ஜோடிகளாகக் கலந்தனர். பிறந்த முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும், ஒன்றுகூடத் தவறாமல், இரண்டு பொருளும் கலந்தவையாக இருந்தன. பிறகு அம்முதல் தலைமுறையில் 10 செடிகளைத் தனித்தனியே தம்மிலேயே கருவுறச் செய்து விதை எடுத்தனர். ஆணும் பெண்ணும் வேறுபட்ட செடியில் இது எப்படி முடியும் என்று கேட்கலாம். வெள்ளி உப்புக் கரைசலைத் தெளித்தால் பெண் செடியின் கிளையில் ஆண் பூக்கள் தோன்றும்; அவற்றின் மகரந்தத்தைக்கொண்டே அதே செடியின் பெண் பூக்களைக் கருவுறச் செய்யலாம். அவ்விதையிலிருந்து வரும் குழந்தைகள் அனைத்தும் பெண்ணாகவே இருக்கும்.

இரண்டாம் தலைமுறையில் மூன்று வகையும் தோன்றின. நான்கு செடிக்கு ஒன்று தூய சி.பி.டி., இரண்டு கலப்பு, ஒன்று தூய டி.எச்.சி. என்ற விகிதத்தில் அமைந்தன. பத்துக் குடும்பங்களிலும் இதே கணக்கு. இந்த 1:2:1 என்ற விகிதம், இரண்டு வடிவங்களையுடைய ஒரே மரபுக்கூறு செயற்படுவதன் தெளிவான அடையாளம். இரண்டு தறியும் வேறான வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் தந்தையிடமிருந்து ஒரு தறி, தாயிடமிருந்து ஒரு தறி பெறுகிறது. ‘சிசி’, ‘சிடி’, ‘டிசி’, ‘டிடி’ என நான்கு சேர்க்கைகள். நடுவிலுள்ள இரண்டும் ஒன்றே. இதனை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

பிற்காலத்து ஆராய்ச்சி இதில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. டி.எச்.சி. நொதிக்குரிய மரபணுவை ஜப்பானியர் 2004ஆம் ஆண்டிலும், சி.பி.டி. நொதிக்குரியதை 2007ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துக் காட்டினர். கஞ்சாவின் மரபணுத் தொகுதி முழுவதும் 2011ஆம் ஆண்டில் கானடாவில் முதன்முதல் படிக்கப்பட்டது. அமெரிக்க மினசோட்டாவில் 2015ஆம் ஆண்டிலும், பிறகு 2019ஆம் ஆண்டிலும் வந்த ஆய்வுகள், நாம் ஒரே தறியின் இரு வடிவம் என்று நினைத்தவை உண்மையில் ஒரே தெருவில் அருகருகே அமைந்த இரண்டு பட்டறைகள் என்று காட்டின. போதைச் செடியின் பரம்பரையில் டி.எச்.சி. பட்டறை இயங்குகிறது, மற்றது பாழடைந்து கிடக்கிறது. நார்ச் செடியின் பரம்பரையில் இது தலைகீழ். இரண்டும் மிக நெருங்கியிருப்பதால், தெருவோடு சேர்த்தே பிள்ளைகளுக்குப் போகின்றன. ஆகவே பயிரிடுவோர் கணக்குக்கு 2003ஆம் ஆண்டின் பாடமே போதும்.

தறி கெட்டுப்போனால் என்ன ஆகும்? நூல் நெய்யப்படாமல் சிட்டமாகவே வீட்டில் குவியும். இப்படிப்பட்ட செடியும் உண்டு. பிரான்சில் நார்க் கஞ்சாவிடையே சி.பி.ஜி. குவிந்த செடி ஒன்றை 1987ஆம் ஆண்டில் குறிப்பிட்டார்கள். அதிலிருந்து சாந்திகா என்ற நார் வகைகளை உருவாக்கினர். அவற்றில் டி.எச்.சி. மிகமிகக் குறைவு. இதற்கும் மேலே ஒரு படி, நூலே கிடங்கிலிருந்து வராத செடி. தே மெய்யரும் அவர் துணைவரும் 2009ஆம் ஆண்டில், கன்னபினாய்டு சற்றும் இல்லாத செடிகளின் மரபை விளக்கினர். அது வேறொரு மரபணுவின் வேலை; தாய், தந்தை இருவழியாலும் அக்குறை வந்தால் பிசினில் ஒன்றும் இராது, ஒரு வழியால் மட்டும் வந்தால் அளவு பெரிதும் குன்றும்.

இதுகாறும் சொன்னது விகிதத்தைப் பற்றியது. அளவு என்பது வேறு. ஒரு வீட்டில் வேட்டியும் துண்டும் எந்த விகிதத்தில் நெய்யப்படும் என்பதைத் தறி தீர்மானிக்கும். மொத்தம் எத்தனை கெஜம் நெய்யப்படும் என்பதை நூல் வரத்தும், கைகளின் எண்ணிக்கையும், வேலை நாட்களும் தீர்மானிக்கும். அவ்வாறே பூ எத்தனை, பூவில் சுரப்பி மயிர் எத்தனை, மூலப்பொருள் எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்பவை பல மரபணுக்களின் கூட்டுச் செயல். இங்கே 1:2:1 என்ற துல்லியக் கணக்கு கிடையாது; உயரம், விளைச்சல் போல் இதுவும் படிப்படியாகத் தேர்ந்தெடுத்தே மாற்றத்தக்கது. நிலமும் நீரும் அறுவடை நாளும் தலையிடுவதும் இந்த அளவில்தான். உக்ரைன் நாட்டு ஹ்லூகிவ் நகரத்து நார்ப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், 1970-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போதை குறைந்த செடிகளைப் பொறுக்கி வந்தது இந்தப் பொறுமையான வழியே.

விகிதத்தையும் அளவையும் பிரித்தறியாததால் பலர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ‘சி’ தறியும் குற்றமற்றதன்று. அது நெய்யும் துணியில் சில இழைகள் ‘டி’யாகவே விழுந்துவிடும். 25 பங்கு சி.பி.டி. உண்டானால் ஏறக்குறைய 1 பங்கு டி.எச்.சி.யும் உடன் உண்டாகிறது. வகைக்கு வகை இது சிறிது கூடும், குறையும். நார் வகைகளில் சி.பி.டி. 2 சதவீதம் என்றால் டி.எச்.சி. 0.08 சதவீதம்; கவலையில்லை. ஆனால் அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் நார்க் கஞ்சாவுக்கு 0.3 சதவீத எல்லையோடு வழி திறந்தபின், பல்லாயிரவர் சி.பி.டி. மருந்துச் சரக்குக்காகவே பூ மிகுந்த வகைகளைப் பயிரிட்டனர். சி.பி.டி. 5 சதவீதமானால் டி.எச்.சி. 0.2, 7.5 ஆனால் 0.3, 10 ஆனால் 0.4. பூ முற்ற முற்ற இரண்டும் ஒன்றாக ஏறும். மிகுந்த சி.பி.டி.யும் வேண்டும், சட்ட எல்லையும் வேண்டும் என்றால் அந்தக் கணக்கு ஒத்துவராது. வெயிலாலோ வெள்ளத்தாலோ செடி ‘சூடேறி’ப் போதைக்குத் திரும்பிவிட்டது என்று விதை விற்றவர்கள் சமாதானம் சொன்னதுண்டு. கார்னெல் பல்கலைக் கழகத்தார் செடிகளை வெள்ளத்தில் நிறுத்தியும், காயப்படுத்தியும், களைக்கொல்லி தெளித்தும் பார்த்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை என்பதே. விகிதம் அசையவில்லை.

அந்த 0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஸ்மாலும் கிராங்குவிஸ்டும் 1976ஆம் ஆண்டில் தாவர வகைப்பாட்டுக்கென ஒரு கோடு கிழித்தனர். இயற்கையில் அங்கே ஒரு வேலி இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. சட்டம் செய்தவர்கள் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டில் அதை 0.2 ஆகக் குறைத்து, 2023ஆம் ஆண்டில் மீண்டும் 0.3 ஆக்கியது. செடி மாறவில்லை, கோடு மாறியது. தேர்வியல் வசதிக்காக இட்ட ஒரு கோடு உழவன் வயலின் வாழ்வையும் சாவையும் நிர்ணயிப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் சட்டம் சட்டமே.

சங்கங்களுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி, சொந்த வயலிலிருந்து விதை எடுத்து மறுபடியும் விதைக்கலாமா என்பது. நெல்லிலும் நிலக்கடலையிலும் நாம் அப்படிச் செய்கிறோம்; அவை தம்மிலேயே கருவுறுபவை. காற்றில் மகரந்தம் பறக்கும் கஞ்சாவில் நிலைமை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயல் முழுதும் தூய ‘சிசி’ செடிகள். பிசினில் உள்ள மொத்தச் சரக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டி.எச்.சி. 0.08. அண்டையிலுள்ள போதைச் செடிகளின் மகரந்தம் வந்து, விதைகளில் நூற்றுக்கு 25 அதனால் கருவுற்றன. அடுத்த ஆண்டில் அந்த 25 செடியும் ‘சிடி’ கலப்பு. ஒவ்வொன்றிலும் சரக்கில் பாதி, அதாவது 1 சதவீதம், டி.எச்.சி. வயலின் சராசரி 0.31 ஆகிவிடும். பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. நாரும் குறையாது. ஆனால் சோதனையில் வயல் தோற்றுவிடும். நூற்றுக்கு 10 மட்டும் கருவுற்றிருந்தால் சராசரி 0.17, தப்பிவிடும்.

முன்னே சொன்ன 25 கலந்த வயலிலிருந்தே மறுபடியும் விதை எடுத்தால்? இவ்வாண்டு வெளி மகரந்தம் ஒன்றும் வரவில்லை, செடிகள் தமக்குள்ளேயே கலந்தன என்று கொள்வோம். வயலில் பறக்கும் மகரந்தத்தில் எட்டில் ஒரு பங்கு ‘டி’யைச் சுமக்கிறது, சூல்களிலும் எட்டில் ஒரு பங்கு ‘டி’. இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு எட்டை எட்டால் பெருக்க, 64இல் ஒன்று. அதாவது அடுத்த தலைமுறையில் 64 செடிகளில் 49 தூய சி.பி.டி., 14 கலப்பு, 1 தூய டி.எச்.சி. சென்ற ஆண்டு வயலில் தூய போதைச் செடி ஒன்றுகூட இல்லை. இவ்வாண்டு யாரும் விதைக்காமலே வந்து நிற்கிறது! சராசரி ஏறக்குறைய முன்போலவே 0.31. வந்த கலப்புத் தானாகவே நீர்த்துப்போகும் என்று காத்திருப்பவர் எத்தனை ஆண்டு காத்தாலும் அது நீங்காது. ஒன்று, கலந்த செடிகளைக் கண்டு பிடுங்க வேண்டும். அல்லது விதையை மாற்ற வேண்டும்.

கண்டு பிடுங்குவது எப்படி? இங்கே நார் ஆராய்ச்சியின் பழைய பாடம் ஒன்று உதவிக்கு வருகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடெமான் என்பவர், நார் மிகுந்த செடிகளைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது, பெண் செடியை மட்டும் தேர்ந்தால் போதாது, மகரந்தம் தரும் ஆணையும் தேர வேண்டும் என்று கண்டார். ஆனால் ஆணின் நாரை அளக்கச் செடியை வெட்டினால் மகரந்தம் கிடைக்காது. ஆகவே பூக்குமுன் ஆண் செடியின் தண்டை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் நாரை அளந்தார். மறு பாதியை உயிரோடு நிற்க விட்டார். நார் குறைந்த ஆண்களைப் பூக்குமுன்னரே நீக்கிவிட்டு, தேறியவற்றை மட்டும் பூக்க விட்டார். ஜெர்மன் வகைகளில் நார் சதவீதம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது இவ்வழியால்தான். இரசாயனக் குணத்திலும் அதே முறை செல்லும். இப்போது தண்டைப் பிளக்க வேண்டுவதில்லை. நாற்றுப் பருவத்தில் ஒரு சிறு இலைத் துண்டை எடுத்து மரபணுச் சோதனை செய்தால் ‘சிசி’, ‘சிடி’, ‘டிடி’ எது என்று தெரிந்துவிடும். 2003ஆம் ஆண்டு ஆய்வாளர்களே இதற்கான முதல் அடையாளங்களைக் காட்டினர். ஆணா பெண்ணா என்பதையும் அவ்வாறே பூக்குமுன் அறியலாம். தூய செடிகளை மட்டும் நிறுத்தி மற்றவற்றைப் பூக்குமுன் பிடுங்கினால், விகிதத்தைப் பொறுத்தவரை ஒரே தலைமுறையில் வயல் தூய்மையாகும். அளவைக் குறைக்கப் பல தலைமுறை வேண்டும். விகிதத்தைத் திருத்த ஒன்றே போதும்.

எனினும் இது விதைப் பண்ணைக்குரிய வேலை. ஒவ்வொரு குடியானவரும் செய்யத்தக்கதன்று. பிரான்சில் இதனைக் கூட்டுறவு முறையில் செய்கிறார்கள். நார்க் கஞ்சாப் பயிரிடுவோர் 1932ஆம் ஆண்டில் தேசியச் சம்மேளனம் அமைத்து வகைகளை உருவாக்கும் பொறுப்பை ஏற்றனர். ஆஞ்சு பிரதேசத்து பொஃபோர் ஊரில் விதை உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைந்தது; ஓப் மாவட்டத்தில் 1973ஆம் ஆண்டில் தோன்றிய கூட்டுறவு, அங்கத்தினரின் தண்டுகளை வாங்கி நாரைப் பிரிக்கிறது. வகையை உருவாக்குவது ஒருவர், விதையைப் பெருக்குவது மற்றொருவர், நாரை விற்பது வேறொருவர். ஆனால் எல்லாரும் பயிரிடுவோரே. ஐரோப்பிய விதிப்படி, ஆணும் பெண்ணும் ஒரே செடியில் அமைந்த வகைகளின் மூல விதையை மற்றக் கஞ்சா வயல்களிலிருந்து 5,000 மீட்டர் தூரத்திலும், சான்று விதையை 1,000 மீட்டர் தூரத்திலும் விளைவிக்க வேண்டும். மகரந்தத்தின் பயணத்தை எண்ணிப் பார்த்தால் இத்தூரம் மிகையன்று. பயிரிடுவோர் ஆண்டுதோறும் சான்று விதையையே வாங்குகின்றனர்.

நம் நாட்டின் இமயமலைச் சாரலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே தலைமுறைகளாக ஒரே செடியிலிருந்து நாரை எடுத்து ‘பங்கேலா’ என்னும் முரட்டுத் துணி நெய்தனர். விதையை உணவில் சேர்த்தனர். பிசினைச் சரசு ஆக்கினர். வேலியோரத்திலும் ஓடைக் கரையிலும் செடி தானாகவே முளைக்கிறது. இத்தகைய இடத்தில் ‘டி’யும் ‘சி’யும் காற்றில் கலந்தே பறக்கும். குறைந்த டி.எச்.சி. உடைய அயல் விதையைக் கொணர்ந்து அம்மலைகளில் இட்டாலும், முதல் ஆண்டுப் பயிர் சோதனையில் தேறலாம். அதிலிருந்து எடுத்த விதை தேறும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகவே அங்கே அமையும் சங்கங்கள் விதையைச் சமவெளியில், காட்டுச் செடி இல்லாத இடத்தில் பெருக்கி மலைக்கு அனுப்புவது ஒரு வழி. மலைச் செடிகளுக்குள்ளேயே ‘சிசி’ செடிகளைப் பொறுக்கி எடுத்துப் பேணுவது மற்றொரு வழி. பின்னது மெதுவானது, ஆனால் அந்த மண்ணுக்கும் குளிருக்கும் பழகிய நாரும் விதையும் கைவிட்டுப் போகாது. எனக்கு அதுவே மேலானதாகப் படுகிறது.

விதை வாங்கும் சங்கம் விற்பவரிடம் ‘டி.எச்.சி. எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வியே கேட்டதாகும். தாய்ப் பயிரில் சி.பி.டி.க்கும் டி.எச்.சி.க்கும் உள்ள விகிதம் என்ன, எத்தனை செடிகளைத் தனித்தனியே சோதித்தார்கள், விதை விளைந்த வயலுக்கும் அடுத்த கஞ்சா வயலுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்றும் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற வேண்டும். பல செடிகளின் நுனியை ஒன்றாக அரைத்துச் சோதித்த சராசரி எண், நூற்றுக்குப் பத்துக் கலப்புச் செடிகளை மறைத்துவிடும். தனித்தனிச் செடிச் சோதனை மறைக்காது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு படி விதையை இரு தரப்பினரும் முத்திரையிட்டு, மூட்டையின் சான்றுச் சீட்டோடு சங்க அலுவலகத்தில் அறுவடை முடியும் வரை வைத்திருந்தால், வயல் சோதனையில் தோற்கும் நாளில் அந்த விதையை முளைக்க வைத்து இலையைச் சோதித்துப் பார்க்கலாம். குற்றம் மூட்டையில் வந்ததா, காற்றில் வந்ததா என்பதை அந்த ஒரு படி விதை சொல்லிவிடும்.